கடைசியாக நடப்பவர்

வெளிநாட்டுச் சேவைப் பயணத்தில் ஆசிரியருக்கு உரிய இடம் வரிசையின் கடைசி. முன்னால் போகிறவர் வழியைப் பார்க்கிறார். பின்னால் வருகிறவர்தான் பிள்ளைகளைப் பார்க்கிறார். யார் காலையிலிருந்து தண்ணீர்ப் புட்டியைத் திறக்கவே இல்லை, யாருக்குக் காலணி கடிக்கிறது, யார் யாரோடும் பேசாமல் வருகிறார், யார் அடுத்தவர் பையையும் சேர்த்துச் சுமக்கிறார் என்பதெல்லாம் பின்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும். நான் சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். ஜூன் விடுமுறையில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளைக் கம்போடியாவின் கம்போங் சினாங் மாகாணத்தில் உள்ள ஒரு கிராமத்துக்குப் பல ஆண்டுகளாக அழைத்துப் போய்வருகிறேன். என் பணிவாழ்க்கையில் நான் மிகவும் நேசிக்கும் வேலை இது. இளையர்களுக்குத் தலைமைப் பண்பை வளர்க்கும் பயணம் என்று இதற்குப் பள்ளியில் பெயர். அந்தப் பண்பு அங்கே எப்படி வளர்கிறது, எதைச் செய்தால் வளராமல் போகிறது என்று நான் கண்டதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். கம்போங் சினாங், தலைநகர் நோம் பென்னுக்கு வடக்கே ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர் தொலைவில், தொன்லே சாப் ஆற்றை ஒட்டி இருக்கிறது. மண்பானைக்குப் பேர்போன இடம். அங்கே பானை வனையும் பெண்கள் சக்கரம் சுழற்றுவதில்லை. பானையை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, தாங்களே அதைச் சுற்றிச் சுற்றி நடந்து, பலகையால் தட்டித் தட்டி உருவாக்குகிறார்கள். மழைக்காலத்தில் மீகாங் பெருகும்போது தொன்லே சாப் ஆறு திசை மாறி ஏரியை நோக்கிப் பாயும். வறண்ட மாதங்களில் 2,500 சதுர கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும் ஏரி, வெள்ளக் காலத்தில் 15,000 சதுர கிலோமீட்டர் வரை விரிந்துவிடும். இவ்வளவு தண்ணீர் சூழ்ந்த நாட்டில் குடிக்கும் தண்ணீர்தான் குறை. வீட்டு வாசல்களில் ஆளுயர ஜாடிகளில் மழைநீரைப் பிடித்துவைக்கிறார்கள். அது தீர்ந்தால் குளத்துத் தண்ணீர். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வருவது அங்கே வழக்கமான செய்தி.

சிங்கப்பூரில் இத்தகைய பயணங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1941-இல் குர்ட் ஹான் என்ற கல்வியாளர் வேல்ஸ் கடற்கரையில் இளைஞர்களுக்கென ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அந்த அவுட்வர்ட் பவுண்ட் முறை 1967-இல் புலாவ் உபின் தீவுக்கு வந்தது. 1997-இல் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு மணி நேரமாவது சமூகத் தொண்டு செய்ய வேண்டும் என்ற திட்டம் வந்தது. இளையர்களை அண்டை நாடுகளுக்குச் சேவைக்கு அனுப்பும் திட்டம் 2000-இல் தொடங்கியது. இன்று மாணவரின் இணைப்பாட நடவடிக்கைப் பதிவில் தலைமைக்கும் தொண்டுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. அந்த இடத்தை நிரப்பவே வருகிற பிள்ளை உண்டு. அம்மா சொன்னதால் வருகிறவரும், தோழி வருகிறாள் என்பதால் வருகிறவரும் உண்டு. எந்தக் காரணத்தோடு வந்தாலும் சேர்த்துக்கொள்வேன், ஏனென்றால் வந்த காரணத்தோடேயே திரும்புகிறவர் குறைவு. ஆனால் ஒரு நிபந்தனையை விட்டுக்கொடுப்பதில்லை. பள்ளிக்குப் பக்கத்திலுள்ள வாடகை வீட்டுப் புளோக்குகளில் தனியாக வாழும் முதியவர்களைப் பார்க்கப் போகும் குழுவில் ஜனவரியிலிருந்து தவறாமல் வந்திருக்க வேண்டும். அடுத்த தெருவுக்கு நடக்காத கால்களை விமானத்தில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வெளிநாட்டுக்குப் போய் உழைத்துக் கொடுக்கும் இந்த வழக்கம் ஒரு நூற்றாண்டு பழையது. முதல் உலகப் போரில் தரைமட்டமான கிராமங்களில் ஒன்று, பிரான்சில் வெர்டன் அருகே இருந்த ‘ஏன்’ (Esnes) என்ற ஊர். 1920-இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரெசோல் சில தோழர்களோடு அங்கே போய் வீடுகளைக் கட்டியெழுப்பத் தொடங்கினார். குழுவில் ஜெர்மானியரும் இருந்தார்கள். நேற்றுவரை எதிரிகளாக இருந்தவர்கள் சேர்ந்து மண் சுமந்தால் பகை தீரும் என்பது அவர் நம்பிக்கை. ஊர் அதை ஏற்கவில்லை. தங்கள் ஊரை இடித்த நாட்டுக்காரர் வந்து கட்டித் தருவதை அவர்கள் விரும்பவில்லை, சில மாதங்களில் முகாம் கலைந்தது. செரெசோல் சோர்ந்துவிடவில்லை. 1934-இல் பீகாரில் பெரும் நிலநடுக்கம் வந்தபோது இந்தியாவுக்கே வந்து, வீடிழந்தவர்களுக்கு ஊர்கள் அமைக்கும் வேலையில் இறங்கினார். அவர் தொடங்கிய இயக்கம் இன்றும் நடக்கிறது. நல்ல மனதோடு போய்விட்டால் மட்டும் போதாது, வருகிறவரை ஊர் விரும்ப வேண்டும் என்பதை இந்த வழக்கத்தின் முதல் முகாமே காட்டிவிட்டது என்று என் மாணவர்களிடம் சொல்வேன்.

சிந்தனையாளர் இவான் இல்லிச்சைப் பற்றியும் சொல்வேன். 1968 ஏப்ரலில், மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில், கிராமங்களுக்குச் சேவை செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களின் கூட்டத்தில் அவர் பேசினார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவுகிறோம் என்று மட்டும் வராதீர்கள் என்பதே அவர் பேச்சின் சாரம். அந்தப் பேச்சைப் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் மாணவர்களுக்கு வாசிக்கக் கொடுக்கிறேன். படித்ததும் சிலருக்குக் கோபம் வரும், சிலர் துவண்டு போவார்கள். ‘அப்படியானால் நாம் ஏன் சார் போகிறோம்?’ என்று ஒருவராவது கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்காமல் கிளம்புகிற குழுவைவிடக் கேட்டுவிட்டுக் கிளம்புகிற குழு கிராமத்தில் மெதுவாகப் பேசும், கூர்ந்து கேட்கும். அதற்காகவே அந்தப் பேச்சைக் கொடுக்கிறேன்.

இன்னொன்றையும் வரைபடத்தை விரித்து நாட்காட்டியோடு காட்டுவேன். எங்கள் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை இரண்டு: ஒன்று ஜூனில், மற்றொன்று நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முடிய. கம்போடியாவில் மழைக்கால நெல்லுக்கு உழவும் விதைப்பும் நாற்று நடவும் நடப்பது ஜூனை ஒட்டித்தான். அறுவடை நவம்பர், டிசம்பரில். ஆக, நாங்கள் ஓய்வாக இருக்கும் இரண்டு வேளையும் அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத வேளை. வயலில் வேலை காத்துக் கிடக்கும்போதுதான் அவர்கள் எங்களுக்குப் பாய் விரிக்கிறார்கள், சமைத்துப் போடுகிறார்கள், சிமெண்டு கலக்கச் சொல்லித் தருகிறார்கள். கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்ற கணக்கை மாணவர்கள் இங்கிருந்தே தொடங்க வேண்டும்.

ஆயத்தத்தில் கெமர் மொழிக்கு நான் நிறைய நேரம் ஒதுக்குகிறேன். நோம் பென்னிலிருந்து படிக்க வந்திருக்கும் பல்கலைக்கழக மாணவர் யாராவது வாரம் ஒரு மாலை வந்து சொல்லிக்கொடுப்பார். பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்காத ஊர் அது. தாத்தாவைத் ‘தா’, பாட்டியை ‘யேய்’, சித்தப்பா வயதுக்காரரைப் ‘பூ’, சித்தி வயதுக்காரரை ‘மீங்’, அண்ணன் அக்காவைப் ‘போங்’ என்று அழைக்க வேண்டும். சீன, மலாய், இந்தியப் பிள்ளைகள் எல்லாருக்குமே வீட்டில் பழகிய முறைதான், சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. எழுத்தைக் கற்கும்போது தமிழ்ப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து வளர்ந்தது. தேதி குறித்த மிகப் பழைய கெமர் கல்வெட்டு, அங்கோர் போரேயில் கிடைத்த கி.பி. 611-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. மெய்யெழுத்து வரிசை ‘க’வில் தொடங்கி ‘ங’வில் முடியும் முதல் வர்க்கத்தைப் பார்த்ததும், தமிழ் வகுப்பில் தூங்கி வழிகிற பையன்கூட நிமிர்ந்து உட்காருவான்.

சாப்பாட்டைப் பற்றியும் ஆயத்தத்திலேயே பேசிவிட வேண்டும். மலாய்ப் பிள்ளைகளுக்கு ஹலால் வேண்டும், சில இந்தியப் பிள்ளைகள் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். மீனும் முட்டையும் கீரையும் சோறும் எல்லாருக்கும் பொது என்று முதல் ஆண்டே கிராமத்துப் பெண்களோடு உட்கார்ந்து முடிவு செய்தோம். ஊறவைத்த மீன் விழுதான ‘பிராஹோக்’கின் வாடைக்குப் பழகச் சில நாள் ஆகும். பழகிய பிறகு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

இனி வேலைக்கு வருகிறேன். எங்கள் குழு செய்வது மணல் வடிகட்டி. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் டேவிட் மான்ஸ் என்ற பொறியாளர், ஊர்களில் பெரிய அளவில் பயன்பட்டு வந்த மெதுவான மணல் வடிகட்டும் முறையை ஒரு வீட்டுக்கு ஏற்ற சிறு உருவத்துக்குக் கொண்டுவந்தார். மின்சாரம் வேண்டாம், மாற்ற வேண்டிய உதிரிப் பாகமும் இல்லை. இரும்பு அச்சில் கான்கிரீட் ஊற்றி இடுப்புயரக் கூடு ஒன்றை வார்க்க வேண்டும். அடியில் பெருஞ்சரளை, அதன்மேல் சிறுசரளை, அதற்கும் மேல் சலித்துக் கழுவிய நைஸ் மணல். அடியிலிருந்து ஒரு குழாய் கூட்டின் சுவருக்குள்ளேயே மேலேறி வெளியே திறக்கும். குழாய் வாய் மணலின் மட்டத்தைவிடச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் ஊற்றாத நேரத்திலும் மணலுக்கு மேல் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும்.

அந்த ஐந்து சென்டிமீட்டரில்தான் வித்தை இருக்கிறது. நிற்கும் தண்ணீருக்குக் கீழே, மணலின் மேற்பரப்பில், நுண்ணுயிர்கள் மெல்லப் பெருகி ஒரு படலமாகப் படியும். தண்ணீரில் வரும் நோய்க்கிருமிகளை அந்தப் படலத்து உயிர்கள் தின்றுவிடும். தண்ணீர் அதிகமாக நின்றால் படலத்துக்குக் காற்று போதாது. குறைந்தால் வெயில் காலத்தில் காய்ந்து செத்துவிடும். படலம் முழுமையாக வளர முப்பது நாள் வரை ஆகும். எங்கள் பிள்ளைகள் அதற்குள் சிங்கப்பூர் திரும்பி, தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். தாங்கள் செய்த வடிகட்டி முழுப் பலன் தருவதை அவர்களில் ஒருவரும் கண்ணால் பார்ப்பதில்லை. தினமும் தண்ணீர் ஊற்றி, மணலைக் கலக்காமல், குழாய் வாயைத் துடைத்து வைத்து அதை வளர்த்தெடுப்பவர்கள் அந்த வீட்டுப் பெண்கள். பதினைந்து வயதில் ஒருவர் கற்றுக்கொள்ளக்கூடிய மிக நல்ல பாடம் இந்த வேலைக்குள்ளேயே இருப்பதால்தான் நான் வண்ணம் பூசும் வேலையையும் மதில் கட்டும் வேலையையும் விட்டு இதைப் பிடித்துக்கொண்டேன். இதற்கும் எல்லை உண்டு. மீகாங்கை ஒட்டிய காண்டால் போன்ற இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஆர்சனிக் இருக்கிறது. இந்த மணல் அதை நீக்காது. எங்கள் கிராமத்தில் குளத்து நீரையும் மழைநீரையும் மட்டுமே இதில் ஊற்றச் சொல்கிறோம்.

வேலையை நடத்துபவர் ஊர்க் கொத்தனார். அவருக்கும் அவருடைய உதவியாளர்களுக்கும் அந்த ஊர்க் கூலி கொடுக்கிறோம். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். இலவசமாக வேலை செய்ய வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து, கூலிக்கு வேலை செய்யும் ஆளின் பிழைப்பைக் கெடுத்தால் அது சேவையே ஆகாது. எங்கள் பிள்ளைகள் அவருக்குக் கையாட்கள். அவர் சொல்வது மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பாதி, கை ஜாடையாகப் பாதி. பள்ளியில் முதல் வரிசையில் இருக்கும் பிள்ளைகள் அங்கே கரண்டி பிடிக்கத் தெரியாதவர்கள். அது அவர்களுக்குப் புது அனுபவம், நல்ல அனுபவம்.

ஒவ்வொரு நாளும் குழுவில் ஒருவர் அன்றைய தலைவர். எழுப்புவது, எண்ணிக்கை எடுப்பது, வேலையைப் பிரிப்பது, தண்ணீர் குடிக்கவைப்பது, மாலையில் கருவிகளைக் கழுவி எண்ணி வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. நான் வாய் திறப்பது சில விஷயங்களுக்குத்தான்: இடி மின்னல், சாலையைக் கடப்பது, காய்ச்சல், உள்ளூர்ப் பிள்ளைகளின் பாதுகாப்பு. மற்றபடி எனக்கு விடை தெரிந்தாலும் பேசக் கூடாது. இந்த வேலையில் கற்றுக்கொள்ள எனக்கு மிகவும் கடினமாக இருந்தது இந்தப் பேசாமைதான். ஆசிரியருக்கு விடை நாக்கின் நுனியிலேயே இருக்கும்.

ஒரு முறை, சலிக்க வேண்டிய மணலை இரவில் யாரும் மூடிவைக்கவில்லை. நள்ளிரவில் மழை கொட்டிவிட்டது. மறுநாள் தலைவி பள்ளியிலும் மாணவர் தலைவி. காலையில் நனைந்த மணலைப் பார்த்ததும், யார் மூட வேண்டியது, ஏன் மூடவில்லை என்று விசாரணை தொடங்கிவிட்டாள். பிறகு எல்லாரையும் மூன்று குழுவாகப் பிரித்துச் சல்லடையைக் கையில் கொடுத்தாள். ஈர மணல் சல்லடையில் இறங்கவில்லை, அப்படியே அப்பிக்கொண்டு நின்றது. இன்னும் வேகமாக ஆட்டச் சொன்னாள். கொத்தனார் மரநிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அரைமணி நேரத்துக்கு மேல் இப்படியே போயிற்று. அதிகம் பேசாத ஒரு பையன் சல்லடையைக் கீழே வைத்துவிட்டுக் கொத்தனாரிடம் போய், ‘பூ’ என்று அழைத்து, மணலையும் வானத்தையும் காட்டி, கையை விரித்தான். அவர் எழுந்து வந்தார். தார்ப்பாயைத் திறந்தவெளியில் விரித்து, மணலை மெல்லிய படுக்கையாகப் பரப்பிக் காட்டினார். காயும்வரை சரளையைக் கழுவலாம் என்று ஜாடை செய்தார். மதியத்துக்குள் மணல் காய்ந்தது.

அந்தப் பெண்ணை நான் தனியே அழைத்து எதுவும் சொல்லவில்லை. அன்று மாலை தலைமையை அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது அவளே, ‘காலையில் முதலில் பூவிடம் போய்க் கேள், அப்புறம் எங்களிடம் வா’ என்று அவனிடம் சொன்னாள். அடுத்தடுத்த நாள் தலைவர்களும் அதையே செய்தார்கள். நான் காலையிலேயே ‘கொத்தனாரைக் கேளுங்கள்’ என்று சொல்லியிருந்தால் அரைமணி நேரம் மிச்சமாகியிருக்கும். அந்த ஒப்படைப்பு நடந்திருக்காது. கேட்டுச் செய்கிறவரால்தான் பிறரை நடத்த முடியும் என்பதை வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் குறிப்பேட்டுக்குத்தான் போகும்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வட்டமாக உட்காருவோம். கால் தூண்களின் மேல் நிற்கும் வீட்டின் அடியில், ஊஞ்சல் படுக்கைகளுக்கு நடுவே, கொசுவர்த்தியை ஏற்றிவைத்துக்கொண்டு. பயணத்தில் எது போனாலும் இந்த ஒரு மணி நேரத்தை நான் விடமாட்டேன். என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன என்ற மூன்று கேள்விகளில் இதை நடத்துவது பல ஆசிரியர்களின் பழக்கம். டெர்ரி போர்ட்டன் என்ற அமெரிக்க ஆசிரியர் 1970-இல் எழுதிய நூலிலிருந்து வந்தது அது. நல்ல வரிசைதான். ஆனால் பிள்ளைகள் மிக விரைவாக இரண்டாம் கேள்விக்குத் தாவிவிடுவார்கள். அதனால் முதல் சில இரவுகளில் முதல் கேள்வியைத் தாண்ட நான் விடுவதில்லை. அதையும் இப்படி மாற்றிக் கேட்பேன்: ‘இன்று உங்களுக்கு யார் எதைச் சொல்லிக்கொடுத்தார்கள்?’ நாம் இன்று என்ன செய்தோம் என்று கேட்டால் வடிகட்டிகளின் எண்ணிக்கை வரும். யார் சொல்லிக்கொடுத்தார் என்று கேட்டால் ஆட்கள் வருகிறார்கள். மீனைக் குடல் எடுக்கச் சொல்லிக்கொடுத்த யேய் வருகிறார், கிணற்றடியில் சேலைபோல் துணியைச் சுற்றிக்கொண்டு குளிக்கும் விதத்தைக் காட்டிய போங் வருகிறார்.

எல்லாக் குழுவிலும் தவறாமல் வரும் ஒரு வாக்கியம் உண்டு. ‘அவர்கள் ஏழைகளாக இருந்தாலும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்.’ அடுத்து, ‘நாம் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள்’ என்பது. சொல்லும் பிள்ளை உண்மையாகவே நெகிழ்ந்துதான் சொல்கிறது. அதை நான் மறுப்பதில்லை, கண்டிப்பதும் இல்லை. ‘யாரைச் சொல்கிறாய்?’ என்று மட்டும் கேட்பேன். மீங்கை, என்று ஒரு பெண் சொன்னாள். ‘மகிழ்ச்சியாக இருப்பதாக அவர் சொன்னாரா?’ இல்லை, சிரித்துக்கொண்டே இருந்தார். ‘நாளை சமைக்கும்போது கூட உட்கார்ந்து பேசிப் பாரேன்.’ மொழிபெயர்ப்பாளரையும் கூட அனுப்பிவைத்தேன்.

மறுநாள் இரவு அவள் பேச நெடுநேரம் எடுத்துக்கொண்டாள். மீங்கின் மூத்த மகள் நோம் பென்னில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள், மாதாமாதம் பணம் அனுப்புகிறாள். கணவரின் சிகிச்சைக்காகச் சிறுகடன் நிறுவனத்தில் நிலப் பத்திரத்தை வைத்துப் பணம் வாங்கியிருக்கிறார்கள். மகள் அனுப்புவதில் பெரும்பகுதி தவணைக்குப் போகிறது. இந்த ஆண்டு மழை தள்ளிப்போனால் என்ன செய்வது என்று அவருக்குக் கவலை. அதோடு, விருந்தாளிப் பிள்ளைகள் முகம் வாடக் கூடாது என்பதற்காகத்தான் சிரிக்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். வட்டத்தில் யாரும் கொடுத்துவைத்தவர்கள் என்ற பேச்சை அன்று எடுக்கவில்லை. ஒரு பையன், தவணை வட்டி எவ்வளவு என்று கேட்டான். இன்னொருத்தி, மழை ஏன் தள்ளிப்போகிறது என்று கேட்டாள். கேள்விகள் அந்த இடத்துக்கு வந்துவிட்டால் பயணம் தன் வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும்.

நோம் பென்னில் துவோல் ஸ்லெங் இருக்கிறது. பள்ளிக்கூடமாக இருந்து, 1975 முதல் 1979 வரையிலான கெமர் ரூஜ் ஆட்சியில் சித்திரவதைச் சிறையாக மாற்றப்பட்ட கட்டடம். பல குழுக்கள் விமானம் இறங்கியதும் முதலில் அங்கேதான் போகின்றன. நான் கடைசி நாளில்தான் கூட்டிப்போகிறேன். முதலிலேயே பார்த்துவிட்டால், கிராமத்தில் காணும் முதியவர் ஒவ்வொருவரும் பிள்ளைகள் கண்ணுக்குப் பாதிக்கப்பட்டவராக மட்டுமே தெரிவார். மணலைப் பரப்பக் கற்றுத்தந்த கையைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வகுப்பறைச் சுவர்களைப் பார்ப்பது வேறு.

இன்னொரு விஷயத்திலும் எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வராது. ஆதரவற்றோர் இல்லங்களுக்கு நாங்கள் போவதில்லை. பல நிறுவனங்களின் பயணத் திட்டத்தில் ஒரு பிற்பகல் அதற்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும்: குழந்தைகளோடு விளையாடி, பாட்டுச் சொல்லிக்கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு கிளம்புவது. கம்போடிய அரசும் யூனிசெஃபும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருப்பதைக் கண்டது. 2005-க்கும் 2010-க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை வேகமாகக் கூடியது, பெற்றோரை இழந்த பிள்ளைகள் கூடியதால் அன்று. பார்க்க வருகிறவர்களும் அவர்கள் தரும் பணமும் கூடியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்று நம்பிப் பெற்றோர் பிள்ளையை அனுப்பிவிடுகிறார்கள். அதே 2011-இல் நோம் பென்னைச் சேர்ந்த ஃபிரண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு, பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்லர் என்று பிரசாரம் செய்தது. ஆஸ்திரேலியாவில் 2018-இல் நவீன அடிமைமுறைக்கு எதிரான சட்டம் வந்தபோது, இல்லங்களுக்காகப் பிள்ளைகளைத் திரட்டுவதும் அந்தக் கொடுமையின் ஒரு வடிவமாகப் பேசப்பட்டது. என் மாணவர்கள் மென்மையான மனம் கொண்டவர்கள். அந்த மென்மை ஒரு குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துவைக்கும் காசாக மாறக் கூடாது.

திரும்பி வந்த பிறகுதான் சேவை என்று சொல்லத்தக்கதில் பெரும்பகுதி நடக்கிறது. எங்களோடு சேர்ந்து உழைக்கும் உள்ளூர்த் தொண்டு அமைப்பின் ஊழியர் ஒரு மாதம் கழித்து வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதுவார். அதை மாணவர்கள் படித்து, அடுத்த குழுவுக்குக் குறிப்பெழுதிக் கொடுப்பார்கள். ஒரு வீட்டில் வடிகட்டியின் மேல் கோழிக்கூடு ஏறியிருந்தது. தண்ணீர் ஊற்றிவந்த பெண் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார், வீட்டில் இருந்த பாட்டியால் குடம் தூக்க முடியவில்லை. அடுத்த ஆண்டுக் குழு அந்த வடிகட்டியைப் பக்கத்து வீட்டுக்கு மாற்றிவைத்து, பாட்டிக்கும் அங்கிருந்து தண்ணீர் கிடைக்க ஊரார் மூலம் ஏற்பாடு செய்தது. அதே ஊருக்குத் திரும்பிப் போயிருக்காவிட்டால் அந்த வடிகட்டி எங்கள் படங்களில் இன்னும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். பெருந்தொற்றுக் காலத்தில் 2020-இல் வெளிநாட்டுப் பயணங்கள் நின்றன. அப்போதும் கொத்தனார் வடிகட்டி வார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பங்கு அந்த ஊருக்கு எவ்வளவு சிறியது என்பதை அந்த ஆண்டுகள் காட்டின. எனக்கு அது மிகுந்த நிறைவைத் தந்தது.

விமானச் செலவை அப்படியே கிராமத்துக்கு அனுப்பிவிட்டால் இன்னும் எத்தனை வடிகட்டி செய்யலாம் என்று பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. வடிகட்டிதான் குறிக்கோள் என்றால் பணத்தை அனுப்புவதே சரி. ஆனால் அந்த விமானச் செலவு எங்கள் பிள்ளைகளின் கல்விச் செலவு. அந்தக் கல்வியைத் தருகிறவர்கள் கிராமத்தார். அதனால்தான் தங்குவதற்கும் சமையலுக்கும் சொல்லித் தருவதற்கும் அவர்களுக்கு உரிய கட்டணம் கொடுத்து, சிமெண்டையும் மணலையும் அதற்குமேல் வாங்கித் தருகிறோம்.

பெற்றோர்களுக்கும் சக ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். பிள்ளையை இத்தகைய பயணத்துக்கு அனுப்புமுன் நடத்துகிறவரைக் கேளுங்கள்: இந்த வேலையைக் கேட்டது ஊரா, நீங்களா? அடுத்த ஆண்டும் அதே ஊருக்குப் போவீர்களா? உள்ளூர்த் தொழிலாளிக்குக் கூலி உண்டா? பயண நிரலை முழுதாக வாங்கிப் படியுங்கள். அதில் ஆதரவற்றோர் இல்லம் ஒன்று இருந்தால் பணம் கட்டாதீர்கள், ஏன் கட்டவில்லை என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள்.